காலி இடத்தை நம்பாத ஜோவன்னா

ஜோவன்னாவோடு சாப்பிடப் போவதென்றால் பசி எடுப்பதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். தேக்கா மார்க்கெட்டின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேசை காலியாகக் கிடக்கும். நாமெல்லாம் என்ன செய்வோம்? பொத்தென்று உட்காருவோம், அல்லது இடம் பிடித்ததற்கு அடையாளமாக ஒரு டிஷ்யூ பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் பிரியாணி வாங்க வரிசைக்குப் போவோம். இவள் மாட்டாள். மேசையின் மேலே பார்ப்பாள், நாற்காலியைப் பார்ப்பாள், குனிந்து கீழே யாராவது குடை விட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்ப்பாள். பிறகு பக்கத்து மேசைக்காரரிடம், "இங்க யாராச்சும் உக்காந்திருக்காங்களா?" என்று கேட்பாள். அவர் இல்லையென்று தலையாட்டினாலும் போதாது, மறுபக்கத்து மேசையிலும் கேட்க வேண்டும். அதற்குள் வேறொரு குடும்பம் வந்து உட்கார்ந்து சாப்பிடவே ஆரம்பித்திருக்கும். அவள் கணவர் கீத் நல்ல மனிதர். இரண்டு கையிலும் தட்டை ஏந்திக்கொண்டு தூண் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருப்பார்.

எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நான் லீலா. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில், நானும் என் வீட்டுக்காரர் மாணிக்கமும் கல்யாண வீடியோ கடை வைத்திருக்கிறோம். அவர் படம் பிடிப்பார். நான் அதை வெட்டி ஒட்டுவேன், தாமதமானால் வாடிக்கையாளரிடம் திட்டும் வாங்குவேன். ஜோவன்னா முதன்முதலில் எங்கள் கடைக்கு வந்தது அவள் மகன் எய்டன் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் படம் எடுக்க. பூன் லேயிலிருந்து ரயில் ஏறி வந்தவள், விலை கேட்பதற்கு முன்னால், "எடுத்ததை எல்லாம் எங்க வெப்பீங்க?" என்று கேட்டாள். இப்படி ஒரு கேள்வியை எங்களிடம் யாரும் கேட்டதில்லை. மாணிக்கம் பெருமையாக மேசைக்கு அடியில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினார். நாலு ஹார்ட் டிஸ்க் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் பெட்டி அது. "எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கும்," என்றார். அவள் அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வையில் பாராட்டு எதுவும் இல்லை.

பிறகுதான் அவள் வேலை என்னவென்று தெரிந்தது. பெரிய பெரிய நிறுவனங்கள் தங்கள் தகவல்களைச் சேர்த்துவைக்கும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் இருக்கிறாள். அதிலும் அவள் பங்கு ஒன்றே ஒன்றுதான்: உள்ளே எந்த இடம் காலி, எந்த இடத்தில் ஆள் இருக்கிறது என்ற பதிவு தப்பாமல் பார்த்துக்கொள்வது. "சும்மா கிடக்கிற இடத்துக்குக் காவலா? அதுக்கு ஒரு சம்பளமா?" என்று நான் கேட்டேன். வாய் சும்மா இருக்காதே எனக்கு.

"ஆள் இருக்கிற இடத்தை எல்லாரும் பாத்துப்பாங்கக்கா," என்றாள் அவள். "காலி இடத்தை யாரும் பாக்க மாட்டாங்க. தப்பு எல்லாம் அங்கதான் நடக்கும்."

இந்தப் புத்தி அவளுக்கு வந்த கதையையும் ஒரு நாள் சொன்னாள். அவள் அப்பா இயேசுதாசன் தமிழ்த் திருப்பலிக்கு வருகிறவர்களுக்கு இடம் காட்டி உட்காரவைக்கும் தொண்டர். ஒரு கிறிஸ்துமஸ் அன்று கோயில் நிரம்பி வழிகிறது. தாமதமாக வந்த ஒரு குடும்பத்திடம், கடைசியில் நின்றபடியே, "முன்னால ரெண்டாவது பெஞ்சு காலி, போங்க" என்று கை காட்டிவிட்டார். அவர்கள் புதுப் பட்டுப் புடவை சரசரக்க, ஊரே பார்க்க, நடு வழியில் நடந்து போனார்கள். போனால் அந்தப் பெஞ்சில் ஏழெட்டுச் சின்னப் பிள்ளைகள் முழந்தாளிட்டிருந்தன. பின்னாலிருந்து பார்த்தால் ஒரு தலையும் தெரியாது. குடும்பம் மறுபடி ஊரே பார்க்கத் திரும்பி நடந்து வந்தது. அந்த அம்மாள் இயேசுதாசனைப் பார்த்த பார்வையை ஜோவன்னா இன்றும் நடித்துக் காட்டுவாள். "இருக்கிற இடத்தை இல்லைன்னு சொன்னா ஒரு பெஞ்சு வேஸ்ட், அவ்வளவுதான் லா. இல்லாத இடத்தை இருக்குன்னு சொன்னா ஒருத்தர் மடியில இன்னொருத்தர். என் வேலை முழுக்க இதுதான்க்கா."

நான் சிரித்துவிட்டு மறந்துபோனேன். போன ஆயுத பூஜை வரைக்கும்.

அதற்கு முன்னால் தனசேகரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். அவர் வாயைத் திறந்தால் மூடுவதற்கு இன்னொருவர் வர வேண்டும். ஆவணி மாசம் அவர் மகள் சிவானிக்குக் கல்யாணம். மாணிக்கம்தான் படம் எடுத்தார். மண்டபத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால், வீட்டு வாசலில், யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, தனசேகரன் கேமராவைப் பார்த்து நெடுநேரம் பேசினாராம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அது பிறகு காட்ட வேண்டிய ரகசியப் பரிசாம். கல்யாணம் முடிந்த கையோடு அவருக்கு வாதம் வந்து படுத்துவிட்டார். உயிர் தப்பியது. வலது கை விழுந்தது. பேச்சு போய்விட்டது. எது கேட்டாலும் பார்ப்பார், உதடு அசையும், ஒன்றும் வராது.

சிவானி போன் செய்துகொண்டே இருந்தாள். "ஆண்ட்டி, ஆல்பம் எல்லாம் மெதுவாக் குடுங்க. அப்பா பேசினது மட்டும் குடுத்துடுங்க ப்ளீஸ். எனக்கு அவர் வாய்ஸ் கேக்கணும். அவருக்கும் கேக்க வெக்கணும்." அவள் அழவில்லை, கேட்ட நான்தான் போனை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினேன். பூஜை முடிந்ததும் முதல் வேலை அதுதான் என்று சொன்னேன்.

ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியாது. கடையைக் கழுவித் துடைத்தார். கேமரா, முக்காலி, லைட்டு எல்லாம் துடைத்தார். கேமரா கார்டுகளில் ஆவணிக் கல்யாணங்கள் அப்படியே இருந்தன. அவற்றைப் பெட்டிக்கு மாற்றினார். திரையில் "முடிந்தது" என்று வந்ததும், பூஜைக்கு எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கார்டுகளையும் உள்ளே ஒன்றுமில்லாமல் அழித்துச் சுத்தம் செய்தார். இன்றைக்கு ஆயுதங்களுக்கு ஓய்வு அல்லவா? பெட்டிக்கும் ஓய்வு கொடுக்க வேண்டுமே. பெட்டியில் பச்சை விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. மாணிக்கம் அதைக் கும்பிட்டுவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினார். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், சாமந்திச் சரம் சுற்றி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொரிகடலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். நான் தீபம் காட்டினேன். அவ்வளவு பக்தியாக ஒரு இயந்திரத்துக்குக் கெடுதல் செய்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விஜயதசமி அன்று ஓர் அரங்கேற்றத்துக்குப் போய் அதே கார்டுகளில் படம் பிடித்துக்கொண்டு வந்தார். மறுநாள் மத்தியானம் பெட்டியை மேசைக்கடியில் வைத்து, பிளக்கைச் செருகி, திரையைப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"லீலா, இங்க பாரேன். ஆவணிக் கல்யாணம் எல்லாம் உள்ளதான் இருக்கு. திறந்து பாத்தேன், நல்லா ஓடுது. ஆனா காலி இடம் முந்தி இருந்த அளவே காட்டுது. ஒரு சொட்டுக் குறையலை."

"அது எப்படி?"

"சரஸ்வதி குடுத்திருக்கா." அவர் முகத்தில் லாட்டரி விழுந்த களை. "புது டிஸ்க் வாங்கணும்னு நெனச்சேன். வேண்டாம்."

எனக்கும் ஓசியில் கிடைத்தால் கசக்காது. அரங்கேற்றத்தை உள்ளே ஏற்றச் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தால், ஜோவன்னா மாடிப்படி ஏறி வருகிறாள். அவர்கள் சர்ச்சின் பங்குத் திருவிழாப் படங்களை வாங்கிப் போக வந்திருந்தாள். அவர் விடுவாரா? தேவி கொடுத்த இடத்தைப் பற்றி அவளிடமும் சொன்னார்.

ஜோவன்னா வேதக்காரி. அடுத்தவர் சாமி விஷயத்தில், தேவி கொடுக்கவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. ஆனால் அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது. "அண்ணே, இப்ப எதாச்சும் ஏத்துறீங்களா?"

"ஆமா, அரங்கேற்றம். இப்பதான் ஆரம்பிச்சேன்."

"நிறுத்துங்க."

மாணிக்கம் பதறிப்போய் பிளக்குக்குக் கையை நீட்டினார். "ஐயோ, அதைத் தொடாதீங்கண்ணே," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேன்சல் பட்டனை மட்டும் அமுக்குங்க. அப்புறம் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க." அவர் அப்படியே, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். அவள் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துப் பெட்டியோடு இணைத்து, இனி யாரும் அதில் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும் என்று பூட்டினாள்.

"என்னம்மா ஆச்சு? இடம் கூடத்தானே காட்டுது, குறையலையே?"

"கூடக் காட்டினாத்தான் பயம். குறைச்சுக் காட்டியிருந்தா நான் படத்தை வாங்கிட்டுப் போயிருப்பேன்." அவள் நாற்காலியை இழுத்தாள். அந்த அவசரத்திலும் அதில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டே உட்கார்ந்தாள். "தேக்கா மாதிரி நெனச்சுக்குங்க. உள்ள கோடிக்கணக்கான மேசை. எது காலி, எதுல ஆள்னு ஒரு வரைபடம் போட்டு வெச்சிருக்கும். புது ஃபைல் வந்தா முதல்ல படத்துல 'ஆள் இருக்கு'ன்னு குறிக்கணும், அதாவது டிஷ்யூ பாக்கெட் வெக்கணும். அப்புறம்தான் ஆளை உக்கார வெக்கணும். கிளம்பும்போது தலைகீழா. ஆள் எந்திரிச்சுப் போனப்புறம்தான் டிஷ்யூவை எடுக்கணும். நடுவுல கரண்ட் போனாலும், ஒரு மேசை சும்மா கிடக்குமே தவிர, யாரும் யார் மேலயும் உக்கார மாட்டாங்க."

"அப்ப என் பெட்டில மட்டும் ஏன் இப்படி?"

"ஸ்பீடுக்குன்னு ஒரு செட்டிங் போட்டிருக்கீங்க பாருங்க. அதைப் போட்டா, எல்லாத்தையும் டிஸ்க்ல எழுதாம கையில வெச்சுக்கிட்டே 'முடிஞ்சது'ன்னு சொல்லிடும். அப்புறம் தன் வசதிக்கு எது முன்ன எது பின்னன்னு பாக்காம எழுதும். சாதாரணமா செய்யப் போறதை ஒரு டைரில எழுதி வெச்சுக்கும். கரண்ட் போனாலும் வந்ததும் அதைப் பாத்து சரி பண்ணிடும். நீங்க பிளக்கைப் பிடுங்கினப்ப அந்த டைரியும் கையிலயே இருந்திருக்கு. கல்யாணம் எல்லாம் உக்காந்தாச்சு. டிஷ்யூ பாக்கெட் மட்டும் வெக்கலை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணம் உட்கார்ந்திருந்த இடத்தைக் காலி என்று நம்பி, அதன் மேலே அரங்கேற்றத்தை ஏற்றிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். "தனசேகரன் அண்ணன் பேசினது அதுல இருக்கு ஜோவன்னா. அவருக்கு இப்ப பேச்சு வராது. வேற எங்கயும் இல்ல அது. கார்டுலயும் இவரு ஆட்டக்காரியை ஏத்திட்டாரு." மாணிக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். நல்ல வார்த்தையாக நாலு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கை இன்னும் பின்னால்தான் இருந்தது, கண் கலங்கியிருந்தது. முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன்.

ஜோவன்னா என்னிடம் 'கவலைப்படாதீங்க' என்று சொல்லவில்லை. அந்தப் பழக்கம் அவளுக்குக் கிடையாது. "பாப்போம்க்கா," என்றாள்.

அவள் செய்தது இதுதான். காலி இடத்தைப் பற்றிப் பெட்டி போட்டு வைத்திருந்த வரைபடத்தை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டாள். அதை நம்புவதே இல்லை. அதற்குப் பதில் ஒவ்வொரு ஃபைலாகப் போய், "நீ எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்கும்படி ஒரு புரோகிராமை ஓட விட்டாள். அவை சொல்லும் பதிலை வைத்துப் புதிதாக ஒரு படம் வரைய வேண்டும். பிறகு பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த ஃபைலும் தன்னுடையது என்று சொல்லாத இடம் தாராளமாகக் காலி. ஒரே இடத்தை இரண்டு ஃபைல் தன்னுடையது என்று சொன்னால், அங்கேதான் சண்டை.

கேட்டு முடிக்க நேரமானது. பெட்டிக்குள் பல வருஷக் கல்யாணங்கள் இருந்தன. நான் கீழே போய்த் தேத்தண்ணீர் வாங்கி வந்தேன், யாரும் குடிக்கவில்லை. நடுவில் சிவானி போன் செய்தாள். எடுக்கத் தைரியம் வரவில்லை. மாணிக்கம் பெட்டியின் மேலே காய்ந்துபோயிருந்த சாமந்தியை மெதுவாகக் கழற்றினார். "அது இருக்கட்டும் அண்ணே, பரவால்ல," என்றாள் ஜோவன்னா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைசியில் எண்கள் வந்தன. அரங்கேற்றம் கொஞ்ச தூரம்தான் போயிருந்தது. அது சிவானி கல்யாணத்தில் ஒரே ஒரு ஃபைலின் மடியில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆனால் கேமரா ஃபைலுக்குப் பெயரா வைக்கிறது? வெறும் எண். அது தாலி கட்டுவதா, தனசேகரனா, வாசல் கோலமா என்று பார்த்தால்தான் தெரியும். "ஓட்டிப் பாக்கலாமா?" என்று ஜோவன்னா கேட்டாள். நான் மாணிக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன், கடையில் அப்படிச் செய்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

ஓட்டினாள். பந்தி தெரிந்தது. வாழை இலை வரிசை. மாப்பிள்ளையின் பெரியப்பா பாயசத்தைக் கரண்டியோடு வாய்க்குக் கிட்டே கொண்டுபோகிறார், வாயைத் திறக்கிறார். அதோடு சரி, திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள். பாயசம் உள்ளே போனதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"அடுத்த மேசை?" என்று மாணிக்கம் கேட்டார்.

ஜோவன்னா அடுத்ததைத் திறந்தாள். பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, பின்னால் வாழை மரம் கட்டிய கதவு. தனசேகரன் சட்டையில் மைக்கைச் சரி செய்துகொண்டே கேமராவைப் பார்க்கிறார். "மாணிக்கம், உள்ள இடம் இருக்கா லா? நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்." கேமராவுக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்கிறது: "நெறைய இருக்குண்ணே, பேசுங்க."

மாணிக்கம் எழுந்து முகம் கழுவப் போய்விட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்து ஜோவன்னா படியேறியிருந்தால் அரங்கேற்றம் இந்த மேசைக்கும் வந்திருக்கும்.

அவள் முதலில் அந்த ஃபைலைத் தன் சொந்த டிஸ்க்கில் எடுத்துக்கொண்டாள், எனக்கும் ஒன்று கொடுத்தாள். மற்றக் கல்யாணங்களையும் வெளியே எடுத்து வைத்த பிறகுதான் பெட்டிக்குப் புது வரைபடத்தைக் கொடுத்துப் பழையதை அழித்தாள். காலி இடம் மளமளவென்று குறைந்து, உண்மையான அளவுக்கு வந்து நின்றது. "பாருங்கண்ணே, இவ்வளவுதான் உங்களுக்கு இருக்கு," என்றாள். இவ்வளவு கொஞ்சமாக இருப்பதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது நாங்களாகத்தான் இருக்கும். அந்த ஸ்பீடு செட்டிங்கையும் அவளே எடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவள் வந்ததும், மூன்று பேரும் தனசேகரன் வீட்டுக்குப் போனோம். அவர் சோபாவில் சாய்ந்திருந்தார், இளைத்துப்போயிருந்தார். பக்கத்தில் ஒரு துண்டு கிடந்தது. சிவானி டிவியில் போட்டாள்.

திரையில் தனசேகரன் பொழிந்து தள்ளினார். "மாப்பிள்ளே, காலைல காப்பி குடிக்கிற வரைக்கும் என் பொண்ணுகிட்ட எதுவும் பேசிடாதீங்க. அது அவங்க அம்மா வழி, நான் பொறுப்பில்ல." சிவானி சிரித்தாள். நிறையக் கிண்டல், நிறைய மிரட்டல், நடுவில் கிரேன் கதை வேறு. கடைசியில் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நான் போன் பண்ணா எடுக்கச் சொல்லுங்க. விஷயம் ஒன்னும் இருக்காது. சும்மா குரல் கேக்கத்தான்." சிவானி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். சோபாவில் இருந்தவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் திரையில் இருந்தவரோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன.

ஜோவன்னா இவ்வளவு நேரமும் நின்றுகொண்டே இருந்தாள். வீட்டில் உட்கார இடமா இல்லை? ஆனாலும் அந்தத் துண்டு கிடந்த இடத்தைக் காட்டி, பழக்க தோஷத்தில் கேட்டாள்: "இங்க யாராச்சும் உக்காந்திருக்காங்களா அங்கிள்?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இடது கையால் துண்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. தொண்டைக்குள் ஏதோ புரண்டது.

"இ...ல்ல," என்றார். பிறகு இன்னொரு வார்த்தையும் வந்தது. "உக்...காரு."

சமையலறையில் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. ஜோவன்னா குனிந்து பார்க்கவில்லை, வேறு யாரையும் கேட்கவில்லை, இருக்கையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்தாள்.